எல்லைக் காவலரும் நடுகல்லும்

வேந்தர்தம் வெற்றிகளை மெய்க்கீர்த்திகளும் செப்பேடுகளும் காவியங்களும் நமக்கு விரித்துரைக்கின்றன. ஆயின், அவ்வேந்தர்பொருட்டு நாட்டின் கோடியில் நின்று காவல் புரிந்து ஆண்டே மாண்ட படைமாக்களின் வரலாற்றை எழுதினார் யாவர்? அவர்தம் பெயர் யாது? ஊர் யாது? தம்மை இன்னாரென அவர் எவ்வாறு கருதினர்? இவ்வினாக்கட்கு அரண்மனையிற் பிறந்த நூல்கள் பெரும்பாலும் விடை பகர்வதில்லை. எல்லைப்புறத்துக் கல்தச்சர் செதுக்கிவைத்த கற்களே விடை பகர்கின்றன. உரோமப் பேரரசின் எல்லைகளிலும் நந்தமிழகத்தின் எல்லைகளிலும் இத்தகைய கற்கள் மிகப்பல கிடைத்துள்ளன. அவ்விரு வகையினையும் அருகருகே வைத்து நோக்கி, படைவீரன் ஒருவன் தன் அரசனுக்கும் தன் ஊருக்கும் ஒருங்கே உரியவனாய் நின்ற இரட்டை நிலையினை அக்கலை எங்ஙனம் காட்டுகின்றதென்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

காரைக்காலும் படைவாழ்க்கையும்

இவ்வாராய்ச்சி காரைக்காலில் வாழ்வார்க்கு அயலான பொருளன்று. 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்ட இச்சிறு நிலப்பகுதி, 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. அதுகாறும், ஒருபுறம் கடலும் ஏனைப் புறங்களில் வேற்றரசின் எல்லையுமாக இங்குள்ளார் வாழ்ந்தனர். இவ்வூர்களிற் பிறந்தோர் பலர் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து, இந்தோசீனம் முதலிய தொலைநாடுகளிற் பணிபுரிந்தனர். ‘சொல்தா’ என மக்கள் வழங்கும் அப்படைவீரர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் ஈண்டு உளர். புதுச்சேரிக் கடற்கரையில் 1938-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற நினைவுச்சின்னம், முதலாம் உலகப் போரில் உயிர் துறந்த பிரெஞ்சிந்திய வீரரை நினைவூட்டி நிற்கின்றது.

எனினும், பண்டை நடுகற்களை நம் பகுதியிற் காண்டல் அரிது. காவிரியாறு கொணர்ந்த வண்டலால் ஆய இந்நிலத்தில் மலையுமில்லை, கல்லுமில்லை. 1010-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெருங்கோயிற்குக் கூடக் கல் வெளியினின்றே கொணரப்பட்டது. நடுகற்கள் செறிந்து காணப்படுவன திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய வடமேற்குப் பகுதிகளிலாம். ஆயினும் நடுகல் என்னும் பொருள் நம் கடற்கரைக்குத் தொடர்பில்லாததன்று. இங்கிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர் தரங்கம்பாடியைக் கடந்து எய்துவது காவிரிப்பூம்பட்டினம். அந்நகரிற் பிறந்த கண்ணகிக்கு எடுத்த கல்லின் வரலாற்றையே சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டம் கூறுகின்றது. அக்காண்டத்துள் கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்பன மூன்று காதைகளின் பெயராக நிற்றலை மாணாக்கர் அறிவர்.

பாசறையிற் பல மொழி

கல்லைக் காணுமுன், அக்கல்லிற்கு உரியானது வாழ்க்கையைச் சிறிது காண்போம். பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. அதனைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். நம் அயலூர்ப் புலவர். தலைவன் வரவு நோக்கித் தலைவி ஆற்றியிருத்தலே அப்பாட்டின் பொருளாயினும், அதன் நடுவே ஒரு பாசறை முழுவதும் நம் கண்முன் விரிகின்றது. காடு வெட்டி முள்வேலியிட்ட இடம். தழை வேய்ந்த கூரைகள் நிரலாக அமைந்த தெருக்கள். யானைக்கு வடமொழிச் சொற்களைச் சொல்லிக் கவளம் ஊட்டும் இளைஞர். இடையிற் கச்சோடு வாள் கட்டி விளக்கேற்றும் மகளிர். நாழிகை வட்டிலை நோக்கிப் பொழுது அறிவிப்போர். மெய்ப்பை அணிந்து வலிய உடலோடு காவல் செய்யும் யவனர். வாய்மொழி வழங்காது மெய்க்குறிப்பாற் பொருள் உணர்த்தும் மிலேச்சர் ஆகிய இவர் அனைவரும் ஆண்டு உளர். அவர் நடுவே அரசன் உறங்காதிருக்கின்றான். புண்பட்ட யானைகளையும், அம்பு தைத்தமையால் உணவு கொள்ளாத குதிரைகளையும், தனக்காக வீழ்ந்த மறவரையும் அவன் நெஞ்சு நினைக்கின்றது.

ஒரு செய்தியை ஈண்டு ஊன்றி நோக்கல் வேண்டும். பாசறை என்பது ஒரே குலத்தார், ஒரே மொழியார் கூடும் இடமன்று. பல திசையினின்றும் வந்தோர் ஓர் அரசனது குடைக்கீழ் ஒருங்கிருக்கும் சிற்றூர் அது. உரோமர் எல்லையும் அத்தன்மைத்தே. பிரிட்டன் தீவின் வடபாகத்தில் பேரரசன் ஹேட்ரியன் ஆணையால் கி.பி. 122-ஆம் ஆண்டில் ஒரு நெடுமதில் தொடங்கப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். அம்மதிலையும் அதனையடுத்த கோட்டைகளையும் காத்தோருட் பலர் இத்தாலி நாட்டினர் அல்லர். இற்றை நெதர்லாந்து, பெல்ஜியம் எனப்படும் பகுதிகளினின்று திரட்டப்பெற்ற துணைப்படையினர் மதிலுக்குத் தெற்கேயுள்ள விண்டோலாந்தா என்னும் கோட்டையில் மதில் தோன்றுமுன்னரே தங்கியிருந்தனர். அவர் எழுதிய மெல்லிய மரவேடுகள் 1973-ஆம் ஆண்டு முதல் அவ்விடத்து அகழ்ந்தெடுக்கப்பட்டு வருகின்றன. ஓர் ஏடு, வீரன் ஒருவனுக்குக் காலுறைகளும் செருப்புகளும் உள்ளாடைகளும் அனுப்பிய செய்தியைக் கூறுகின்றது. மற்றோர் ஏட்டில், கிளாடியா செவெரா என்னும் மாது, படைத்தலைவன் மனைவியாகிய சுல்பீசியா லெப்பிதீனாவைத் தன் பிறந்தநாள் விழாவிற்கு அழைக்கின்றாள். கி.பி. 100-ஆம் ஆண்டையொட்டிய அவ்வேட்டின் இறுதி வரிகள் அவள் தன் கைப்படவே எழுதியவை. பெண்ணொருத்தி இலத்தீனில் எழுதிய கையெழுத்துக்களுள் மிகப் பழையனவற்றுள் அஃது ஒன்றென்பர். குளிரும் தனிமையும் நிறைந்த எல்லையில், காலுறையும் விருந்தழைப்புமே வாழ்க்கையாதல் காண்க.

இவ்விரு உலகும் ஒன்றையொன்று அறியாதனவும் அல்ல. செங்கடற்கரையில் உரோமர் ஆட்சியிலிருந்த துறைமுகம் பெரெனீகே. அங்கு அகழ்ந்தெடுத்த சாடித்துண்டு ஒன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘கொற்றபூமான்’ என்னும் பெயர் காணப்படுகின்றது. அது கி.பி. முதல் நூற்றாண்டினது. அதே துறைமுகத்தில், பிற்றைக்காலத்தில், சிரிய நாட்டுப் பால்மைரா நகரத்து வில்வீரர் காவற்படையாய் அமர்ந்து, தம் ஊர்த் தெய்வத்திற்குக் கல்லெழுத்துப் பொறித்துள்ளனர். தமிழனது பெயரும் பால்மைரா வீரனது பெயரும் உரோமரது எல்லைத்துறை ஒன்றிற் கிடைத்தமை நாம் மகிழ்தற்குரியது. பால்மைரா என்னும் இப்பெயரை நினைவிற் கொள்க. மீண்டும் இதனைக் காண்போம்.

பெயர் மாற்றம்

எல்லைக்குச் செல்வோன் முதலில் இழப்பது யாது? சில வேளைகளில் அவன் பெயரே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு இளைஞன் ஒருவன் உரோமக் கடற்படையிற் சேர்ந்து, இத்தாலியிலுள்ள மிசேனம் துறையை அடைந்தான். ஆண்டிருந்து தன் தந்தை எபிமாக்கசுக்கு நாணற்றாளில் ஒரு முடங்கல் விடுத்தான். அது பெர்லின் நகரில் இன்றும் பாதுகாக்கப்பெறுகின்றது. கடலில் நேர்ந்த இடரினின்று தன்னைக் காத்த தெய்வத்திற்கு நன்றி கூறுகின்றான். வழிச்செலவிற்கு மூன்று பொற்காசு பெற்றமையைத் தெரிவிக்கின்றான். தன் உருவப்படம் ஒன்றினையும் ஒருவர் கையில் அனுப்புவதாகக் கூறுகின்றான். இறுதியில், தன் பெயர் இனி அந்தோனியசு மாக்சிமசு என அறிவிக்கின்றான். அப்பியோன் என்பது தாய்தந்தையர் இட்ட பெயர். அந்தோனியசு என்பது படை இட்ட பெயர். முன்னைய பெயரால் முடங்கலைத் தொடங்கிப் புதிய பெயரை இறுதியிற் கூறும் அம்மைந்தனது உள்ளம் அவ்விரண்டிற்கும் இடையே நிற்றலை நாம் உணரலாம். ‘பெயர் மாறினும் முகம் மாறவில்லை’ என்று தந்தைக்குக் காட்டுதற்கே போலும் அவன் அவ்வோவியத்தை விடுத்தான்!

துணைப்படையில் 25 ஆண்டுகள் பணிபுரிந்தோர்க்கு உரோமக் குடியுரிமை அளிக்கப்பட்டது. அவ்வுரிமை வெண்கலத் தகட்டிற் பொறித்துத் தரப்பட்டது. குடியுரிமையோடு உரோமப் பெயரும் உடன் வந்தது. கி.பி. 212-ஆம் ஆண்டில் பேரரசன் காரகல்லா, அடிமையல்லாத குடிகள் ஏறத்தாழ அனைவர்க்கும் அவ்வுரிமையை வழங்கினான். காரைக்கால் மக்கட்கு இச்செய்தி புதிதாய்த் தோன்றாது. 1881-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணையின்படி, தம் குல வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்க இசைந்தோர், தமக்கெனக் குடும்பப் பெயர் ஒன்றையும் பதிந்துகொண்டனர். அரசு ஏட்டில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயருமாக வாழ்ந்த குடும்பங்கள் அவ்வாறு தோன்றின. பேரரசு எக்காலத்ததாயினும், அதற்குப் பணிபுரிவோன் இரு பெயர்களுக்கிடையே வாழ்தல் இயல்பாயிற்று.

நடுகல்லின் இலக்கணமும் இலக்கியமும்

இனிக் கல்லை நோக்குவாம். தொல்காப்பியப் புறத்திணையியல் கல் எடுத்தலை ஆறு படியாக வகுக்கின்றது. தக்க கல்லைத் தேர்ந்து காண்டல் காட்சி. அதனைக் கொள்ளத் தொடங்கல் கால்கோள். நீராட்டித் தூய்மை செய்தல் நீர்ப்படை. நிலத்தில் நிறுத்தல் நடுதல். படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை. போற்றிப் பாடல் வாழ்த்து. இவ்வொழுங்கினை நோக்குமிடத்து, நடுகல் என்பது புதைகுழியின் அடையாளம் மட்டுமன்றென்பது பெறப்படும். ஊரார் ஒருங்கு கூடிச் செய்யும் வழிபாடு அது. தகடூர் அதியமானுக்கு நட்ட கல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறுகலத்திற் கள் உகுத்ததனைக் கண்டு ஔவையார் வருந்திப் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. ஒரு நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இச்சிறு கலத்தைக் கொள்வானோ என்பது அவர் வினா. அத்தகடூரே இற்றைத் தருமபுரி.

எல்லைப்போர் ஆநிரை கவர்தலில் தொடங்குவது பண்டை மரபு. கவர்தலும் மீட்டலும் ஆகிய இரண்டினையும் தொல்காப்பியர் வெட்சியுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. இவை புலவர் புனைவுகளேயோ என ஐயுற்றோர்க்கு விடையாக, 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றினைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் வீழ்ந்த தீயன் அந்தவன் என்பானுக்குரியது. ‘ஆகோள்’ என்பது தொல்காப்பியர் வெட்சித் துறைகளுள் ஒன்றற்கு இட்ட பெயர். இலக்கணநூல் கூறும் அச்சொல் ஊர்ப்புறத்துக் கல்லிலும் இருத்தலை நோக்குங்கால், இலக்கணம் வாழ்க்கையினின்று பிறந்ததென்பது தெள்ளிதின் விளங்கும்.

எடுத்தனூர்க் கல்லும் இன்சசுக் கல்லும்

செங்கத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி பல்லவர், கங்கர், வாணர் முதலியோர்தம் ஆட்சிகள் ஒன்றோடொன்று முட்டிய எல்லைநிலமாம். அங்குள்ள கற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை திரட்டி, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-ஆம் ஆண்டில் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. அக்கற்களின் வாசகங்கள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் அமைந்தன. முதற்கண் பேரரசன் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து, அவனுக்குக் கீழ்ப்பட்ட நாட்டுத்தலைவன் பெயர். பின், ஊரும் பூசலின் காரணமும். இறுதியில் வீரன் பெயரும், ‘பட்டான் கல்’ என்னும் முடிபும் வரும். தொறு என்பது ஆநிரை. தொறு மீட்டுப் பட்டான் எனவும், தொறுக் கொண்ட ஞான்று பட்டான் எனவும் வருவன பல.

எடுத்தனூர்க் கல்லை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எழுந்தது. வாணகோ அரைசர் மருமக்களாகிய பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி என்பான், எருமை காரணமாக எழுந்த பூசலிற் பட்டான் என அது கூறுகின்றது. இளமகன் என்பது ஈண்டுப் படைப்பணியாளனைக் குறிப்பது. அவ்வளவோடு கல்வெட்டு நிற்கவில்லை. கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் ஆண்டே பொறிக்கப்பட்டது. வீரனது உருவின் அருகே அந்நாயின் உருவும் செதுக்கப்பட்டது. காஞ்சி வேந்தன் பெயர் தொடங்கி, வாணன், பொற்றொக்கையார், கருந்தேவக்கத்தி எனப் படிப்படியாக இறங்கி, ஒரு நாயின் பெயரில் வந்து முடியும் இவ்வரிசையினும் சிறந்த சமூக வரலாறு யாண்டு உளது? பேரரசு அவனுக்குக் காலக்கணக்கைத் தந்தது. தலைவன் பணியைத் தந்தான். ஊர் அவன் பெயரைக் காத்தது. நாயோ அவன் அருகில் நின்றது.

இதனோடு ஒப்பிடத்தக்க உரோமக் கல்லொன்று இங்கிலாந்திலுள்ள லங்காஸ்டர் நகரில் 2005-ஆம் ஆண்டிற் கிடைத்தது. அதில் குதிரைவீரன் ஒருவன் வாளேந்தி அமர்ந்துள்ளான். பகைவனது அறுத்த தலை அவன் கையில் உள்ளது. தலையற்ற உடல் குதிரையின் காலடியில் கிடக்கின்றது. கீழே உள்ள எழுத்துக்கள், அவன் வொதுல்லசு மகன் இன்சசு என்றும், திரெவேரி இனத்தான் என்றும், அகுஸ்தா குதிரைப்படையில் விக்டர் என்பானது அணியினன் என்றும், அவன் உரிமையாட்டி தொமீத்தியா அக்கல்லை நிறுத்தினாள் என்றும் கூறுகின்றன. திரெவேரியர் இற்றை ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையில் வாழ்ந்தோர். தந்தை, இனம், படை, அணி, உரிமையாட்டி என்னும் இவ்வடுக்கு நம் கல்லின் அடுக்கினை ஒத்ததே.

ஒப்புமையோடு வேற்றுமையும் உணரத்தக்கது. இன்சசு தான் இறந்தும், கல்லில் வென்றவனாகவே நிற்கின்றான். மாண்டவனாகக் காட்டப்பெற்றவன் பகைவன். நம் நடுகற்கள் பலவற்றிலோ, அம்புகள் வீரனது உடலிலேயே தைத்து நிற்கின்றன. வீழ்ந்தமையை மறைக்க நம் முன்னோர் விழையவில்லை; வீழ்தலையே சிறப்பாகக் கொண்டனர். மேலும், உரோமக் கல்லை எடுப்பது பெரும்பாலும் உரிமையாளர் கடன். நடுகல்லோ ஊர்ப்பொதுவாய், வழிபடுபொருளாய் நின்றது. வீரனது குடும்பத்திற்கு நிலம் அளித்தலும் உண்டு. அந்நிலத்தை ‘நெய்த்தோர்பட்டி’ என்றனர். நெய்த்தோர் என்பது குருதி. குருதிக்கு ஈடாக நிலம் தந்த வழக்கம், இக்காலத்து ஓய்வூதியத்திற்கு முன்னோடி எனலாம்.

எல்லைக் கலையின் உண்மை

தலைநகரத்துச் சிற்பத்தோடு ஒப்பிட்டு, எல்லைச் சிற்பத்தைக் கரடுமுரடானதென இகழ்வார் உளர். பேரரசன் திராயன் தேசியரை வென்ற போரை உரோம நகரில் கி.பி. 113-ஆம் ஆண்டில் நிறுவிய வெற்றித்தூண் சுருள் சுருளாகக் காட்டுகின்றது. அதன் அழகு உலகறிந்தது. அதே அரசனது வெற்றிச்சின்னம் ஒன்று, தானூபு ஆற்றெல்லையை அடுத்த ஆதாம்கிளிசியில், கி.பி. 109-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அவ்விடம் இற்றை ருமேனியாவில் உளது. அதன் உருவங்கள் தடித்தவை, தலை பெரியவை, நுண்ணழகு அற்றவை. எனினும், பகைவரது வளைந்த வாளினின்று வலக்கையைக் காத்தற்கு வீரர் அணிந்த தகட்டுக் கையுறையினை அவ்வெல்லைச் சிற்பம் தெளிவாகக் காட்டுகின்றது. உரோமத் தூணோ காட்டவில்லை. அழகு தலைநகரிலும், உண்மை எல்லையிலும் இருந்தன.

நம் நடுகற்களும் இத்தகையனவே. மாமல்லபுரத்துச் சிற்பியின் கை அவற்றில் இல்லை. ஆயின் கொண்டையின் முடிப்பு, இடையிற் செருகிய குறுவாள், வில்லைப் பிடித்த கை, காலருகே வைத்த கெண்டி முதலியன அவ்வூரார் கண்ணாற் கண்டவாறே அமைந்துள்ளன. கலைஞன் வீரனை அறிந்தவன். கல்லைக் காண்போரும் வீரனை அறிந்தவர். அறிந்தார்க்கு அறிந்தார் செய்த கலை அது.

எம்மொழியில் எழுதினர்?

இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை மொழியாம். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் கோயில் குடைந்தமையைப் பெருமையுடன் கூறும் கல்வெட்டு வடமொழியில் உள்ளது. அவன் எழுதிய மத்தவிலாசம் என்னும் நாடகமும் வடமொழியும் பிராகிருதமும் விரவியதே. ஆனால் அவனது ஆட்சியாண்டைச் சொல்லும் எடுத்தனூர்க் கல் தமிழில், வட்டெழுத்தில், பேசுகின்றது. அரசனது மொழி அரசனது குகையில் நின்றது. எருமை மேய்ப்பாரும் அவர்தம் காவலரும் பேசிய மொழி வெளியிற் கல்லாய் நின்றது. கருந்தேவக்கத்தி பல்லவப் பேரரசின் ஆண்டுக்கணக்கில் இறந்தான், தமிழில் நினைக்கப்பட்டான்.

பிரிட்டன் மதிலின் கீழ்க்கோடியை அடுத்த சவுத் சீல்ட்சு என்னும் ஊரில் 1878-ஆம் ஆண்டிற் கிடைத்த கல்லும் இவ்வுண்மையைக் கூறும். அக்கல்லில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றாள். நூற்கும் கோலும் கம்பளி உருண்டைகளும் அவளருகே உள்ளன. அவள் பெயர் ரெஜீனா. பிரிட்டன் நாட்டுக் கதுவெல்லௌனி இனத்தாள். முன்னர் அடிமையாயிருந்து விடுதலை பெற்று மனைவியானவள். 30-ஆம் வயதில் இறந்தாள். கல்லை நிறுத்திய கணவன் பராத்தேசு. அவன் ஊர், நாம் முன்னர்க் குறித்த பால்மைரா! மேலே பேரரசின் மொழியாகிய இலத்தீனில் எல்லாச் செய்தியும் எழுதப்பட்டுள்ளது. அதன் கீழே ஒரே ஒரு வரி பால்மைரா எழுத்தில் உள்ளது. பராத்தேசின் விடுதலைமகளாகிய ரெஜீனாவிற்கு இரங்கும் வரி அது. அம்மதிலோரத்தில் அவ்வெழுத்தைப் படிக்கவல்லார் எத்துணையர் இருந்திருப்பர்? படிப்போர்க்காக அவன் அதனை எழுதுவித்தான் அல்லன். செய்தியைப் பேரரசின் மொழியிற் கூறலாம். அழுகையைத் தன் மொழியிலன்றி எவன் அழ வல்லான்?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், எல்லைக் காவலன் பேரரசிற்குத் தன் தோளைத் தந்தானேனும் தன்னை முழுதும் தந்துவிடவில்லையென்பது புலனாம். அவன் காத்துக்கொண்ட சிறு பகுதி, பழைய பெயராகவோ, தாய்மொழியில் ஒரு வரியாகவோ, உடனின்ற நாயின் உருவாகவோ கல்லில் தங்கியிருக்கின்றது. வரலாறு எழுதுவோர் அச்சிறு பகுதியைத் தேடிப் படித்தல் வேண்டும்.

இக்கடமை காலந்தாழ்த்தற்குரியதன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்பெறுகின்றன. அவை மக்கள் அன்பினாற் பிழைத்தன. அவ்வன்பு பெறாத கற்கள் வயலோரங்களிற் சாய்ந்து, மழையாலும் வெயிலாலும் எழுத்துத் தேய்ந்து வருகின்றன. ஓர் எழுத்துத் தேயுமாயின் ஒரு மனிதனது பெயர் தேயும். தமிழ் பயிலும் மாணாக்கர் வெட்சித்திணைத் துறைகளைத் தேர்விற்காக மனனம் செய்வதோடு அமையாது, வட்டெழுத்தையும் பயின்று, விடுமுறை நாட்களில் அக்கற்களை நேரிற் சென்று கண்டு, படியெடுத்துத் தொல்பொருள் துறையார்க்கும் பல்கலைக்கழகத்தார்க்கும் அறிவித்தல் நலம்.

கல்லில்லாத காரைக்கால் மாணாக்கர்க்கு வேறொரு பணியும் உண்டு. இங்குள்ள பழைய படைவீரர் குடும்பங்களில் முடங்கல்களும், உருவப்படங்களும், பணிச்சான்றுகளும், பதக்கங்களும் பெட்டிகளில் உறங்கக்கூடும். அவை நம் ஊரின் நடுகற்கள். எகிப்து நாட்டு அப்பியோன் தந்தைக்கு விடுத்த ஒரு முடங்கல் பதினெட்டு நூற்றாண்டுகட்குப் பின்னும் கற்பிக்கின்றதாயின், சைகோனிலிருந்து காரைக்காலுக்கு வந்த ஒரு முடங்கல் நாளை கற்பியாதோ? முதியோரை அணுகி, அவர் கூறுவனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வோமாக. வேந்தரை நினைத்தற்கு வேந்தர் தாமே ஏற்பாடு செய்துகொண்டனர். காவலரை நினைத்தல் நம் கடன்.